ஊதா வயலட்

“உண்மையைச் சொல்லுங்க ரைனாம்மா, இதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்துறீங்க?”

ஓக்னியான் தொட்டியைத் தூக்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“நான் எங்கப்பா ஊத்தறேன்? வீட்டுல ஒருத்தர் இருக்கார். அவர்தான்.”

ப்ளோவ்திவ் நகரச் சந்தையில் அவன் கடைக்குச் செடி வாங்க வருகிறவர்களைவிட, நோயாளிச் செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். எழுபதைத் தாண்டிய ரைனா, பிப்ரவரிக் குளிர் படாமல் தன் கம்பளிச் சால்வைக்குள் சுற்றி அந்த ஆப்பிரிக்க வயலட் பூச்செடியைக் கொண்டு வந்திருந்தார். இலைகள் வெந்த கீரை போலத் தொங்கின. மண்ணைத் தொட்டதும் பொடிக் கொசுக்கள் எழுந்து பறந்தன.

ஓக்னியான் செடியை வெளியே எடுத்தான். பழுப்பேறிய வேர் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

“பாருங்க, அழுகிடுச்சு. இந்தக் கொசு ஈர மண்ணுலதான் முட்டை போடும். அதோட புழு மிச்ச வேரையும் தின்னுடும். மருந்து அடிச்சுப் பிரயோஜனம் இல்லை. வியாதி செடிக்கு இல்லம்மா, ஊத்துற கைக்கு!”

“அந்தக் கையை ஒண்ணும் சொல்லாதே.”

குரல் சட்டென்று மாறியதில் ஓக்னியான் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“போன தடவையே பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு காகிதத்துல எழுதிக் கொடுத்தேனே?”

“சன்னல்ல ஒட்டி வச்சேன். அவரும் படிச்சார். கையெழுத்து அழகா இருக்குன்னு சொன்னார்.”

“அப்புறம்?”

“அப்புறம் தண்ணி ஊத்தினார்.”

ஓக்னியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பூவாளியை ஒளிச்சு வைக்கிறதுதானே?”

“வச்சேன். காபிக் கோப்பையில மொண்டு ஊத்தினார். கோப்பையையும் எடுத்து வச்சேன். ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தார், கூடம் முழுக்கச் சொட்டச் சொட்ட.”

“உங்க மேல ஏதாவது கோபமா அவருக்கு?”

“சேச்சே! ரொம்ப மரியாதைப்பட்ட மனுஷன். நான் உள்ளே வந்தா எழுந்து நிப்பார். என்ன... என்கிட்ட அவருக்கு அவ்வளவா பழக்கம் இல்லை.”

அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார் போலிருக்கிறது என்று ஓக்னியான் நினைத்துக்கொண்டான்.

“வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்கம்மா. இல்லைன்னா செடியை மாத்துங்க. தண்ணியிலேயே நிக்கிற கோரை ஒண்ணு இருக்கு. எவ்வளவு ஊத்தினாலும் அசராது.”

“வேண்டாம்ப்பா. வயலட்தான் இருக்கணும். இதே ஊதா நிறம்.”

அவர் பிடித்த பிடியைப் பார்த்து அவன் கத்தரிக்கோலை எடுத்தான். அழுகிய வேரையெல்லாம் வெட்டினான். வெட்டிய இடத்தில் மறுபடி அழுகாமலிருக்க இலவங்கப்பட்டைத் தூள் தடவினான். தயிர் வந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றின் அடியில் சல்லடைபோலத் துளையிட்டு, பாதிக்குக் கூழாங்கல், மேலே புதுக் கலவை மண் போட்டுச் செடியை நட்டான். கொசு ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகினான்.

“வேணுங்கிற அளவு ஊத்திக்கட்டும். எல்லாம் கீழே ஓடிடும். அடியில ஒரு தாம்பாளம் வச்சு, அவர் அந்தப் பக்கம் போனதும் கொட்டிடுங்க.”

ரைனாவின் முகம் மலர்ந்தது. “பொழைச்சுக்குமா?”

“நல்ல இலை ஒண்ணு கிள்ளித் தரேன். இது போனாலும் அதுலேர்ந்து இன்னொண்ணு வரும்.”

ரைனா வாளியைச் சால்வையால் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசல்வரை கூடவே வந்த ஓக்னியானுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இவ்வளவு பாடு எதுக்கும்மா? ‘இது என் செடி, நான் பாத்துக்கறேன்’னு அவர்கிட்ட நேரா சொல்லிடக் கூடாதா?”

“சொல்லிப் பார்த்தேன். பதறிப் போயிட்டார்.” ரைனா சால்வையின் நுனியை இழுத்து இலைகளை மூடினார். “‘தொடாதீங்கம்மா, இது என் சம்சாரம் ரைனாவோட செடி, வெளியில போயிருக்கா, அவ வர்றதுக்குள்ள வாடிடக் கூடாது’ன்னு என்கிட்டயே சொல்றார்.”