வாசல் காமிராவின் நகல்

“வாசல் காமிராவை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடு” என்றார் சக்கரவர்த்தி.

அறிவுச்செல்வன் நிமிர்ந்து பார்த்தான். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் சக்கரவர்த்தி நடத்திவந்த லாட்ஜின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவனுடையதுதான். ஆறு காமிராக்களின் பதிவுகளையும் நகல் எடுத்து வைக்கும் பேக்கப் சர்வரை அன்று மாற்றி அமைத்துக்கொண்டிருந்தான். எந்த ஃபோல்டரிலிருந்து எடுக்க வேண்டும், எந்த ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டு நின்றது.

“வாசல்தாங்க சார் முக்கியம்.”

“எனக்கு முக்கியமில்ல. பவுர்ணமி அன்னைக்கு விடியக்காலை பதிவாச்சு பாரு, அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும், அதையும் அழிச்சுடு.”

அறிவுச்செல்வனின் விரல் நின்றது. இரண்டு நாளுக்கு முன்னால், சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான், எட்டாம் அறை ஆர்த்தியின் லேப்டாப் வரவேற்பறையிலிருந்து காணாமல் போனது. மூன்று வருட ஆராய்ச்சி அதில் இருந்ததாம். அந்தப் பெண் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

“போலீஸ் கேட்டா?”

“ரிப்பேர்னு சொல்லிக்கலாம். ஏம்பா, சர்வீஸ் பண்ண வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா?”

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் சக்கரவர்த்தியின் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஜன்னலுக்குப் போனார். மறுபடி வந்தார்.

அறிவுச்செல்வன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அழித்தால் அவனும் கூட்டாளி. மறுத்தால் இந்த வேலை நாளைக்கு வேறொருவனுக்கு. லாட்ஜ் உண்மையில் இவர் மனைவி வேதாவின் பெயரில் இருந்தது. மாடி வீட்டில் இருந்த அந்த அம்மாவின் கம்ப்யூட்டரும் இதே இணைப்பில்தான்.

நகல் போய்ச் சேரும் இடத்தை மாற்றி, வேதாவின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைக் காட்டினான். எல்லாம் மேலே போய்ச் சேர்ந்ததும், கீழே இருந்ததைச் சக்கரவர்த்தியின் கண்ணெதிரிலேயே அழித்தான்.

“போயிடுச்சா?”

“இங்க ஒண்ணுமில்லைங்க சார்.”

“நீதாம்பா ஆளு” என்று அவன் தோளைத் தட்டினார்.

மதியம் எஸ்.ஐ. நந்தினி வந்தார். காமிரா ரிப்பேர் என்று சக்கரவர்த்தி சொல்லி முடிப்பதற்குள் அறிவுச்செல்வன் எழுந்துவிட்டான்.

“மாடியில அந்தப் பதிவோட காப்பி ஒண்ணு இருக்குது மேடம்.”

சக்கரவர்த்தியும் பின்னாலேயே படியேறினார்.

மாடியில் வேதா எழுந்திருக்காமல், நாற்காலியை நகர்த்தி அவர்களுக்கு இடம் விட்டார். சக்கரவர்த்தி கதவோடு கதவாக ஒட்டி நின்றார். அறிவுச்செல்வன் பதிவை ஓட்டினான். ஐந்து நாற்பதுக்கு, தோளில் பையோடு ஓர் ஆள் வாசலைத் தாண்டினான். அறிவுச்செல்வன் முன்னால் குனிந்தான்.

அது சக்கரவர்த்தி இல்லை.

“அட, நம்ம முருகையன்” என்றார் நந்தினி. “போன மாசம்தான் உள்ள இருந்து வந்தான். சாயங்காலத்துக்குள்ள லேப்டாப் வந்துடும்.”

அறிவுச்செல்வனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு நல்ல மனுஷரைத் திருடன் என்று நினைத்துவிட்டான். “மன்னிச்சுடுங்க சார்” என்று கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னான். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

பதிவை நிறுத்தப் போனவனின் கையை வேதா தடுத்தார்.

“திருடன் கிடக்கட்டும் தம்பி. அவனுக்குப் பின்னாடி ஆட்டோவுல இருந்து இறங்கி, காலுக்கு மண்ணு பூசிக்கிறாரே, அவரைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. என் முட்டிவலி தீரணும்னு பதினோரு பவுர்ணமியா வெறுங்கால்ல மலை சுத்திட்டு வர்றவரு அவரு.”