பக்கத்து வீட்டில் இருக்கா?

அந்தக் கடையிலேயே பெரியது தான்தான் என்பதில் ஐந்து கிலோவாட் ஜெனரேட்டருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒருநாள் மரகதவல்லி வாங்க வந்தாள்.

“வீட்டுல என்னென்ன ஓடணும்மா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எங்க பக்கத்து வீட்டுல என்ன வாங்கினாங்க?”

“மூணு கிலோவாட்.”

“அப்ப இந்த அஞ்சைக் குடுங்க.”

தன் கம்பீரத்துக்குக் கிடைத்த மரியாதை இது என்று நினைத்தபடி ஜெனரேட்டர் வண்டியேறியது.

மறுநாள் மத்தியானமே கரண்ட் போனது. ஜெனரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானது. வெளியே ஓடிவந்த மரகதவல்லி அதைத் தாண்டிப் போய் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்கும் போயிடுச்சா?”

“போயிடுச்சுங்க.”

“அப்பாடா!” என்று விசிறியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சின்ன ஜெனரேட்டர் சிரித்தது. “ரெண்டு வருஷமா இதே கதைதான் தம்பி. நான் ஒருதடவைகூட ஓடலை.”

“உன்னை நம்பியிருக்க மாட்டாங்க. எனக்கு வேளை வரும், பாரு!”

வந்தது. ஒரு சாயங்காலம் மரகதவல்லி வீட்டில் மட்டும் ஃபியூஸ் போனது. பக்கத்து வீட்டில் பளிச்சென்று வெளிச்சம். அதைப் பார்த்த அடுத்த நொடியே அவள் கயிற்றை இழுத்தாள். தெருவே அதிர ஜெனரேட்டர் முழங்கியது.

பக்கத்து வீட்டம்மா மதிலருகே வந்து, “உங்களுக்குக் கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டாள்.

அந்தச் சத்தத்துக்கும் மேலே மரகதவல்லி கத்தினாள்: “இல்லையே! எங்களுக்குப் போகவே இல்லையே!”