சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கை வழக்கம்போல் அணைத்துவிட்டு மனைவி கூடத்துக்கு வந்தபோது, அவர் மேசையை ஓங்கிக் குத்தினார். கீபோர்டு ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. திரையில் நீல வட்டம் மட்டும், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல், நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இதைத் தூக்கி ஜன்னல் வழியா எறியப் போறேன்,” என்றார்.

“எறியறதுக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க,” என்றாள் அவள்.

அவர் ஒரு டைல்ஸ் கம்பெனியின் கிடங்குப் பொறுப்பாளர். யாரோ மாற்றி ஏற்றி அனுப்பிய லோடுக்காக, லாரி டிரைவர்கள் எதிரிலேயே மேனேஜர் அன்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். “கண்ணை வீட்ல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா?” என்று மேனேஜர் கேட்டபோது டிரைவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது.

ராஜினாமாவை அனுப்பியே தீருவது. அதைப் போனில் கட்டை விரலால் தட்டி அனுப்புவதில் அவருக்கு மரியாதை இல்லை. ஒழுங்காக உட்கார்ந்து, பத்தி பிரித்து, நறுக்கென்று எழுத வேண்டும். மெயில் பெட்டி திறந்தால்தானே?

“நாளைக்கு எழுதிக்கக் கூடாதா?”

“நாளைக்கு, நாளைக்குன்னுதான் போன மாசம் போக வேண்டிய லெட்டர் போகலை. அதுக்கு முந்தி ஒண்ணு, அதுவும் போகலை. எல்லாம் இந்தச் சனியனாலதான். உன் தம்பி கட்டிக் குடுத்தான் பாரு ஒரு தகர டப்பா.”

“இந்த வேலையையும் விட்டீங்கன்னா மறுபடியும் நான் ஊரார் துணியைத் தைக்கணும். போன தடவை ஒரு வருஷம் தைச்சேன்.”

“தைக்க வேண்டாம். மானத்தோட பட்டினி கிடப்போம்.”

“ஹாஸ்டல்லேருந்து மக போன் பண்ணுவா. அவளுக்கும் பட்டினி சம்மதமான்னு கேட்டுக்கறேன்.”

அவர் போனை எடுத்து மைத்துனனை அழைத்தார். இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

“வாய்யா மச்சான். புதுசு மாதிரி ஓடும்னியே. இது ஓடுதா, தவழுதா?”

“முதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்க மாமா. அப்புறம் திட்டுங்க.”

“தண்ணியும் இது லோடு ஆன பிறகுதான்.”

மைத்துனன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். வைரஸ் இல்லை. இடமும் தாராளமாக இருந்தது. கடைசியில் பவர் செட்டிங்ஸைத் திறந்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. பவர் சேவர்ல போட்டிருக்கு.”

“நான் ஏன்யா அதைப் போடறேன்?”

“அது மட்டுமில்ல. பிராசஸரோட வேகம் அஞ்சு சதவீதத்துக்கு மேல போகாதபடி யாரோ உள்ள போய் மாத்தியிருக்காங்க. தானா இப்படி மாறாது.” அவன் மெல்லத் திரும்பினான். “அக்கா, கம்ப்யூட்டரை எப்படிக் குறைச்சு ஓட்டறதுன்னு அன்னிக்குப் போன்ல கேட்டியே. நீயா?”

“நான்தான்.”

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“கரண்ட் பில்லா? லைட்டை அணைச்சே, சரின்னு இருந்தேன். ஃபேனை அணைச்சே, வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தேன். இப்ப இதையுமா? மின்சார மந்திரியைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறேன் பாருய்யா.”

மைத்துனன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “தம்பி, அது அப்படியே இருக்கட்டும்டா,” என்றாள்.

“எதுக்குக்கா?”

அவள் கணவனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். “சும்மாதான்,” என்றாள். பிறந்த வீட்டு ஆள் எதிரில் கணவனைக் குறைத்து ஒரு சொல் விடுகிற பழக்கம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

“நீ மாத்துய்யா,” என்று உறுமினார் அவர்.

மாற்றினான். மேசைக்கடியில் இருந்த பெட்டி மூச்சு வந்ததுபோல் இரைந்தது. மெயில் பெட்டி சொடக்குப் போடும் நேரத்தில் திறந்துகொண்டது. மைத்துனன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்ப, அவள் வழியனுப்ப வாசலுக்குப் போனாள்.

அவர் விரல்கள் பறந்தன. பத்தி பிரிக்கவில்லை. மரியாதையாகத் தொடங்கியது இரண்டாவது வரியில் ‘நீர்’ ஆகி, நான்காவது வரியில் ‘நீ’ ஆனது. கண்ணைப் பற்றிக் கேட்டதற்குக் கண்ணைப் பற்றியே பதில் எழுதினார். வாசலில் தம்பியின் வண்டி கிளம்பும் சத்தமும், அவள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வரும் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

“கொஞ்சம் இருங்க...”

அவள் கை நீட்டியதும் அவர் விரல் மவுஸை அழுத்தியதும் ஒன்றாக நடந்தன. கடிதம் போயே போய்விட்டது.

நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பார்த்தியா? தட்டினதும் போச்சு. நீ மிச்சம் பிடிச்ச காலணா கரண்டுக்காக, அந்த ஆள்கிட்ட எத்தனை நாள் கூடுதலா மிதி வாங்கியிருக்கேன் தெரியுமா?”

அவள் திரையையே பார்த்தபடி நின்றாள்.

“கரண்டுக்காக இல்லீங்க. உங்க கோவம் ஆறட்டும்னுதான் மெதுவாக்கி வெச்சேன்.”