அழுத்தாத பொத்தான்

ஐந்து நிமிடச் சதுரங்கத்தில் வெல்டரும் சலூன்காரரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கிளப் அணியின் முதல் இடம். வெல்டரின் அண்ணன் செத்துக் காலியான இடம் அது.

காயை நகர்த்தியவன் கடிகாரத்தில் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் அவன் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். மறந்தவனுக்கு எவனும் சொல்லமாட்டான். ஆட்டக்காரர்கள் அவ்வளவு யோக்கியர்கள் இல்லை. அண்ணன் மட்டும் மறந்தவனின் பொத்தானைத் தானே எட்டி அழுத்திவிடுவார். "மறந்தவனை ஜெயிச்சு என்னத்தடா கிழிக்கப்போற?" என்பார்.

முதல் ஆட்டத்தில் சலூன்காரர் யானையை நகர்த்திவிட்டு அழுத்த மறந்தார். வெல்டர் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தார். சலூன்காரரின் இரண்டு கைகளும் தாடைக்கு அடியில் இருந்தன. அவர் பக்கத்துப் பொத்தான் மெதுவாகக் கீழே இறங்கியது. வெல்டரின் நேரம் ஓட ஆரம்பித்தது. நேரம் தீர்ந்து அவர் தோற்றார்.

"நல்லவேளை, எனக்காக நீ அழுத்தின. உங்கண்ணன் புத்தி அப்படியே வந்துடுச்சுப்பா" என்றார் சலூன்காரர்.

வெல்டர் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கினார்.

இரண்டாவது ஆட்டத்தில் வெல்டரின் கை ஓங்கியிருந்தது. ராணியை நகர்த்தினார். அடுத்த நகர்த்தலில் எதிராளியின் ராஜா மாட்டிக்கொள்ளும். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு தன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சலூன்காரர் வாயைத் திறக்கவில்லை. நேரம் முடிந்து கடிகாரத்தில் அவர் பக்கத்துச் சிவப்புக் கொடி விழுந்தது.

"ஜெயிச்ச ஆட்டமாச்சேப்பா. மறந்துட்டியா?"

"மறக்கல" என்றார் வெல்டர். "அண்ணன் அழுத்துவாருன்னு பார்த்தேன்."