ஜன்னல் கம்பியின் உள்ளே

முதலில் தெரிந்தது அவளுடைய இமை மயிர்தான்.

மைக்ரோஸ்கோப்பின் குமிழை மெல்லத் திருப்பினாள்.

கலங்கல் விலகியது. இரும்பு திறந்துகொண்டது.

அவள் மூச்சுவிட மறந்தாள்.

வெள்ளை வெள்ளையாகக் கட்டங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கறுப்பு வரப்பு. விமானத்தில் போகிறவர்களுக்குத் தஞ்சாவூர் வயல்கள் இப்படித்தான் தெரியும்போல. நடுநடுவே கறுப்புத் திட்டுகள். லென்ஸை மாற்றினாள். அந்தத் திட்டுகளுக்குள்ளும் கோடு கோடாக, யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி.

யாரும் வரையவில்லை. உருகி, ஆறி, அதுவாகவே இப்படி ஆகியிருக்கிறது.

இடித்த வீட்டு ஜன்னல் கம்பி அது. அப்பாவின் பழைய இரும்புக் கடைக் குவியலிலிருந்து அவளே உருவிக்கொண்டு வந்தது. இந்த லேபில் அதுதான் வழக்கம். அவரவர் இரும்பை அவரவர் கொண்டுவர வேண்டும். விரலளவு வெட்டி, எமரித் தாளில் தேய்த்து, வெட்டிய முகத்தைக் கண்ணாடிபோல் ஆக்கி, ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி எடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று மேடத்துக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு முறை அவளால் காட்ட முடியவில்லை.

முதல் தடவை முழுக்கக் கீறல். அடுத்த தடவை ஆசிட்டில் கூடுதல் நேரம் விட்டுவிட்டாள். அடுப்பில் மறந்த தோசை மாதிரி கருகிப்போயிற்று. இன்றும் தவறினால் படிப்பில் பாதி போய்விடும்.

மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கும் பி.காமும் சேர்ந்த படிப்பு. காலையில் காமர்ஸ், மதியம் இன்ஜினியரிங். நடுவில் ஒரு தார்ச்சாலை. அந்தப் பக்கம் அவளுக்கு ‘இரும்பு’ என்று பெயர். இந்தப் பக்கம் ‘கணக்குப்பிள்ளை’. இரண்டு பக்கமும் அவளைச் சொந்தம் கொண்டாடவில்லை. கேலியில் மட்டும் குறை வைக்கவில்லை.

கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்று காலை வகுப்பில்கூட, ஆயுள் முடிந்த பொருளைக் கழிவு என்று கணக்கில் தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அந்தக் கழிவு இப்போது கண்ணுக்குக் கீழே ஜொலித்துக்கொண்டிருந்தது.

அப்பா லேப் வாசலில் நின்றிருந்தார். கல்லூரியிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். இன்றும் சரிவராவிட்டால் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு காமர்ஸை மட்டும் முடிக்கட்டும் என்று துறைத் தலைவர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அப்பா உடனே தலையாட்டியிருந்தார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. இரும்புதான் வீட்டிலேயே மலையாகக் கிடக்கிறதே, அதைப் போய்ப் படிப்பானேன் என்பது அவர் கட்சி. லேப் மூடியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறக் காத்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார். கோயில் என்று நினைத்தாரோ என்னவோ.

மேடம் வரும்வரை அவள் பொறுத்திருக்கலாம்.

பொறுக்க முடியவில்லை. கையசைத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

அவர் குனிந்தார். திறக்க வேண்டிய கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டே சொல்லித் திருத்தினாள்.

அப்புறம் அவர் அசையவில்லை.

பேரம் பேசிப் பேசியே பழகிய வாய். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“அம்மிணி, இத்தன வருசமா நானு இதையவா எடை போட்டுத் தள்ளிட்டிருந்தேன்?”

குரல் ரகசியம்போல வந்தது.

அவர் கம்பித் துண்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அதன் முகத்தை அழுத்தி ஒரு தேய் தேய்த்தார். எந்த இரும்பை எடுத்தாலும் அவர் அப்படித்தான் செய்வார். துருவா மண்ணா என்று பார்க்கிற பழக்கம்.

அவள் “அப்பா” என்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த முகத்தைத் தொடக்கூடாது. லேபுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவருக்கு யார் சொன்னார்கள்? அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

துண்டை வாங்கித் திரும்ப வைத்துப் பார்த்தாள்.

அப்பாவின் ரேகை அகல அகலமாக வளைந்து படிந்திருந்தது. விரலோடு வந்த கடை இரும்புத் தூள் நீளநீளமாகக் கீறியிருந்தது. அதற்கெல்லாம் அடியில், மங்கலாக, கட்டங்கள் இருந்தன. பாழாய்ப்போன ஒன்று இத்தனை அழகாக இருந்து அவள் பார்த்ததில்லை.

சாவிக்கொத்தோடு மேடம் வந்தார். பார்த்தார். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“நாந்தானுங்க தெரியாம தொட்டுப்போட்டேன். இன்னுங் கொஞ்ச நேரம் தொறந்து வெய்யிங்க மேடம். புள்ள மறுக்கா தேச்சுக் காட்டிரும்.”

மேடம் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இருப்பதிலேயே சொரசொரப்பான எமரித் தாளை அவள் எடுத்தாள். துண்டைக் குப்புற வைத்து இழுத்தாள்.

நாலைந்து இழுப்பில் எல்லாம் போயிற்று. ரேகை, வரப்பு, கட்டம். வெறும் சாம்பல் நிற இரும்பு.

போன தடவைகளில் இந்த இடத்தில்தான் அவளுக்குப் பயம் வரும். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் என்று தோன்றும்.

இன்று பயம் வரவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து குனிந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தார்.