பருப்பு டின்னுக்குப் பின்னால்

கனகசபாபதி செருப்பை வாசலில் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருட நுழைந்தார். விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தலும் கடலையும் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் சொன்ன விலைக்கு அங்கே மறுவிலை கிடையாது.

முன் அறையில் மனைவி ஆவுடைத்தாய் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தாள். அவர் சாமான் அறைக்குள் போய், துவரம்பருப்பு டின்னைச் சத்தமில்லாமல் நகர்த்தி, பின்னால் இருந்த நெய் பாட்டிலை எடுத்தார்.

எல்லாம் சித்திரையில் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியவில்லை. கடைப் படி எதுவென்று தெரியாமல் ஒருநாள் சுமை தூக்குகிறவர்கள் பார்க்க உருண்டார். கை கால் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது.

டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சாப்பாடு பற்றிக் கேட்டார். பிறகு அவரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு ஆவுடைத்தாயிடம் நெடுநேரம் பேசினார். வெளியே வந்தவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"இனிமே நெய், எண்ணெய், தேங்காய் எதையும் நீக கண்ணால பாக்கப்படாது. மீறுனா கண்ணும் போயிரும், நெஞ்சும் அடைச்சிரும்."

"நான்தான் அதையெல்லாம் தொடுறதே இல்லையே?"

"தொடாதவக இனிமே நெனைக்கவுங் கூடாது. அம்புட்டுத்தான்."

அவர் சொன்னதும் உண்மைதான். மைத்துனர் மாரடைப்பில் போன நாளிலிருந்து அவர் ஆவியில் வெந்ததை மட்டுமே சாப்பிட்டு வந்தார். மகள் கீர்த்திகா கெஞ்சியும் ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே இறங்கவில்லை.

ஆனால் அது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். இது அடுத்தவர் போட்டது. மறுநாளே அவருக்குத் தூக்கத்தில் நெய் மணத்தது. அதற்கடுத்த நாள் பருப்பு டின்னுக்குப் பின்னால் பாட்டிலைக் கண்டுபிடித்தார்.

இன்று காலையில்கூடக் கடையில் குமாஸ்தா பெத்தணன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, வத்தல் விலை ஏறப் போகுதாம். பஜாரே வாங்கிப் போடுது. நாமளும் போடுவமா?"

"எல்லாரும் வாங்குறாகளா? அப்ப இருக்கதையும் வித்துரு."

"வாங்காதீகன்னு யாராச்சும் சொன்னாத்தான் வாங்குவீக போலருக்கு."

"அப்படித்தாம்லே இந்தக் கடையே வளந்துச்சு."

பெத்தணன் சிரித்துக்கொண்டே நகர்ந்தவன், திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இப்ப மொகத்துல ஒரு மினுமினுப்பு இருக்கு. பத்தியம் ஒத்துக்கிருச்சு."

அந்தச் சொல் அவரைக் குத்தியது. கண் தெளிந்திருப்பது அவருக்கும் தெரியும். தோல் உதிர்வதும் நின்றுவிட்டது. பாவம், ஆவுடைத்தாய் எண்ணெய் படாமல் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுகிறாள். அந்தப் பலனை அவர் தினமும் மதியம் வந்து நக்கி அழித்துக்கொண்டிருக்கிறார்.

ஆவணியில் கீர்த்திகாவுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது மகள் முகம் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் நெஞ்சடைத்து விழுந்துவிடவும் கூடாது. இன்றோடு விட்டுவிடுவது, சாயங்காலம் ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வது என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தார்.

கடைசித் தடவை என்பதால் கரண்டியைக் கொஞ்சம் ஆழமாகவே விட்டார். இவ்வளவு தின்றும் பாட்டில் எப்போதும் கழுத்துவரை இருந்தது. வீட்டில் என்ன குறைகிறது என்றுகூடப் பார்க்கத் தெரியாதவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. கரண்டியை வாயில் வைத்தார்.

முன் அறையில் போன் அடித்தது. ஆவுடைத்தாயின் காலடி நடைவழியில் கேட்டு, சாமான் அறைக் கதவுக்கு வெளியே நின்றது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"போன வாரம் எடுத்த ரத்தம் ரொம்ப நல்லா இருக்கும்மா. சாயங்காலத்துல கண்ணு எப்படி?"

"நேத்து பொழுது மசங்குன நேரத்துல, வத்தல்ல காம்பு கிடக்குன்னு எட்ட நின்னே சொன்னாகளாம்."

"பாத்தீங்களா? மாத்திரை மட்டும் குடுத்தாப் பத்தாது. கொழுப்பு கொஞ்சமாவது உள்ள போனாத்தான் கண்ணுக்கான அந்த வைட்டமின் சத்து உடம்புல சேரும். அதை ஒரேயடியா நிறுத்துனதாலதான் இவ்வளவும். நெய் தினமும் போகுதுல்ல?"

"ஒரு நாள் தவறாமப் போகுது."

உள்ளே கனகசபாபதியின் வாயில் நெய் அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கக்கத்தில் இருந்த செருப்பு மெல்ல வழுக்கியது.

"அப்ப இனிமே வாரத்துல ரெண்டு நாள் மீனும் சேத்துக்கட்டும். அதுல இருக்கிற கொழுப்பு நெஞ்சுக்கு நல்லது."

 

"சரிங்க டாக்டரம்மா, நாளையிலருந்து மீனும் கூடாதுன்னு சொல்லிர்றேன்."