வெள்ளைப் பொடி

சாத்தாங்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை வாசல், உச்சி வெயில். எண்ணெய்க் கிணற்றுப் பழைய குழாய்களை ஏற்றி வந்த லாரியைக் காவலாளி சோதிக்கிறான். குழாயின் வாயருகே போனதும் அவன் கையிலிருக்கும் கருவி விடாமல் கத்துகிறது. "உள்ள படிஞ்சிகீற வெள்ளைப் பொடிலதான் கதிர்வீச்சு கீது. கை வெச்சியா நைனா?" டிரைவர் வரதன் இல்லையென்று தலையாட்டுகிறார். ஒவ்வொரு லோடிலும் அந்தப் பொடியைச் சுரண்டி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். எந்தக் கறையும் அதற்கு நிற்காது. சீட்டின் மேல் அவருடைய சோற்று டப்பா கண் கூசப் பளபளக்கிறது. போன் அடிக்கிறது. மனைவி சொக்கம்மாள். "பாத்திரம் தேய்க்கிற பொடி தீந்துபோச்சுய்யா. பக்கத்து வூட்டுக்காரியும் கேக்குறா. வர்ச்சொல்ல ரெண்டு பொட்டலமா எட்த்துகினு வா."